கருனியில் பஃபர் வழிதல் தடுப்புகளைச் சோதித்தல்: ஒரு திறனாய்வு

கெர்னல் எனப்படும் கருனி, ஓர் இயங்குதளத்தின் மையப் பகுதி. நினைவகம், கோப்புகள், வலைப்பின்னல், கருவிகள் ஆகிய அனைத்தையும் அதுவே ஆள்கிறது. அதன் நிரலில் ஒரு பஃபருக்கு ஒதுக்கப்பட்ட இடத்தைவிட அதிகமான தரவு எழுதப்பட்டால், அது பக்கத்து நினைவகத்தில் வழிந்து அங்குள்ளதை அழித்து எழுதுகிறது. இதுவே பஃபர் வழிதல். சாதாரணச் செயலியில் இது நேர்ந்தால் கெடுவது பெரும்பாலும் அந்தச் செயலி மட்டுமே. கருனியில் நேர்ந்தால் கணினி முழுவதும் தாக்குபவரின் கைக்குப் போகலாம். இதைத் தடுக்க லினக்ஸ் கருனியில் கடந்த இருபது ஆண்டுகளில் பல காவல்கள் சேர்க்கப்பட்டுள்ளன. அந்தக் காவல்கள் உண்மையில் வேலை செய்கின்றனவா என்று எப்படிச் சோதிக்கப்படுகிறது, அந்தச் சோதனை எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

சுருக்கமாகச் சொன்னால், லினக்ஸ் கருனியின் சோதனை முறை நேர்மையானது. ஆனால் முழுமையானது அன்று. காவல் இருக்கிறது என்பதை அது நன்றாகக் காட்டுகிறது. காவல் தவறும் இடங்களைப் போதிய அளவு காட்டுவதில்லை. 2018, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் வெளிப்பட்ட மூன்று குறைகளும் சத்தமில்லாமல் நேர்ந்தவை. அமைவுக் கோப்பில் காவல் இருப்பதாகத் தெரிந்தது. இயங்கும் நிரலில் அது இல்லை, அல்லது அரைகுறையாக இருந்தது.

காவல்களின் வகைகள்

சோதனையைப் பற்றிப் பேசுமுன், எவை சோதிக்கப்படுகின்றன என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஸ்டேக் கேனரி. ஒரு செயற்கூறு அழைக்கப்படும்போது அதன் உள்ளிட மாறிகளும், வேலை முடிந்தபின் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரியும் ஸ்டேக்கில் வைக்கப்படுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே ஊகிக்க முடியாத ஓர் எண்ணைக் கம்பைலர் வைக்கிறது. செயற்கூறு முடியும்போது அந்த எண் மாறியிருக்கிறதா என்று பார்க்கிறது. மாறியிருந்தால் பஃபர் வழிந்துவிட்டது என்று பொருள். நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுவாயுவை அறியக் கூண்டில் வைக்கப்பட்ட கேனரிப் பறவையின் பெயரே இந்த எண்ணுக்கும் வந்தது. 1998-இல் ஸ்டேக்கார்டு என்ற ஆய்வு இந்த உத்தியைப் பரவலாக அறியச் செய்தது. ஜி.சி.சி. கம்பைலரிலும் எக்ஸ்86-64 லினக்ஸ் கருனியிலும் இது 2006-இல் இடம்பெற்றது.

இரண்டாவது, ஃபோர்ட்டிஃபை. நினைவகத்தை நகலெடுக்கும் 'மெம்காப்பி' போன்ற செயற்கூறுகளை அழைக்கும் இடத்தில், இலக்குப் பஃபரின் அளவு கம்பைலருக்குத் தெரிந்திருந்தால், எழுதப்படும் அளவோடு அது ஒப்பிடப்படும். இரண்டு அளவுகளும் முன்கூட்டியே தெரிந்தால் நிரல் கட்டப்படும்போதே பிழை வரும். எழுதும் அளவு பின்னரே தெரியவருமானால் ஓட்ட நேரத்தில் சோதனை நடக்கும். இது 2017-இல் 4.13 பதிப்பில் கருனிக்கு வந்தது.

மூன்றாவது, கேசான். இது தாக்குதலைத் தடுக்கும் காவல் அன்று; பிழையைத் தேடும் கருவி. நினைவகத்தின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட்டு வீதம் ஒரு நிழல் நினைவகத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படிப்பும் எழுத்தும் முறையானதா என்று சரிபார்க்கிறது. 2015-இல் 4.0 பதிப்பில் சேர்ந்தது. நினைவகச் செலவும் வேகக் குறைவும் அதிகம் என்பதால், இதன் பொதுவான வடிவம் உருவாக்குநர்களின் சோதனைக் கணினிகளில்தான் ஓடுகிறது. பயனரின் கைக்கு வரும் கருனியில் இருப்பதில்லை.

இந்த வேறுபாடு முக்கியமானது. கேசான் பிழையைக் கண்டுபிடிக்கிறது. கேனரியும் ஃபோர்ட்டிஃபையும் கண்டுபிடிக்கப்படாமல் போன பிழையின் விளைவைக் கட்டுப்படுத்துகின்றன. முதல் வகை தவறினால் பிழை கண்டறியப்படுவது தள்ளிப்போகும். இரண்டாம் வகை தவறினால், கடைசிக் கதவே திறந்து கிடக்கிறது என்று பொருள். ஆகவே இரண்டாம் வகையின் சோதனையே அதிகக் கண்டிப்பாக இருக்க வேண்டும். நடைமுறையில் அப்படி இல்லை என்பதே கவலைக்குரியது.

ஒரு பழைய பாடம்: 2008

2008 பிப்ரவரியில் 'விஎம்ஸ்பிளைஸ்' என்ற கருனி அழைப்பில் ஒரு கடுமையான குறை வெளிவந்தது. சாதாரணப் பயனர் எவரும் அதைக்கொண்டு நிர்வாகி அதிகாரத்தைப் பெற முடிந்தது. ஸ்டேக்கில் இருந்த ஓர் அணி வழிந்ததே காரணம். கேனரி வசதி அதற்குமுன்பே கருனியில் இருந்தது. அது இதை ஏன் பிடித்திருக்காது என்ற கேள்வி இயல்பாக எழுந்தது.

விடையின் ஒரு பகுதி அந்த வசதியின் எல்லையிலேயே இருந்தது. ஜி.சி.சி.யின் அன்றைய சாதாரணத் தெரிவு, 8 பைட்டுக்குக் குறையாத எழுத்து அணிகள் உள்ள செயற்கூறுகளுக்கு மட்டுமே கேனரி வைத்தது. விஎம்ஸ்பிளைஸில் வழிந்தது எழுத்து அணி அன்று. நினைவகப் பக்கங்களைச் சுட்டும் சுட்டிகளின் அணி. வேலி இருந்தது, ஆனால் அந்தப் பக்கம் போடப்படவில்லை.

இதையடுத்து கருனி உருவாக்குநர்கள் கேனரி நிரலை மறுபடி ஆராய்ந்து பல திருத்தங்களைச் செய்தனர். அவற்றோடு ஒரு சிறிய தற்சோதனையும் முன்வைக்கப்பட்டது. அது ஸ்டேக்கில் உள்ள ஒரு பஃபரை வேண்டுமென்றே வழியச் செய்து, எச்சரிக்கைச் செயற்கூறு உண்மையில் அழைக்கப்படுகிறதா என்று பார்த்தது. 'வசதி இயக்கப்பட்டுள்ளது' என்ற அமைவு வரி ஓர் உறுதிமொழி மட்டுமே. அந்த உறுதிமொழியைச் செயலால் சரிபார்க்க வேண்டும் என்ற நிலைப்பாடு அதில் இருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை ஒரு கருனி அனுபவத்தால் அறிந்த தருணம் அது.

பின்னர் 2014-இல் ஜி.சி.சி. 4.9 'ஸ்ட்ராங்' என்ற விரிந்த தெரிவைக் கொண்டுவந்தது. எந்த வகை அணி இருந்தாலும், உள்ளிட மாறியின் முகவரி வெளியே எடுக்கப்பட்டாலும் கேனரி வைக்கப்பட்டது. 2008-இல் தெரிந்த இடைவெளி அதனால் பெருமளவு அடைபட்டது.

எல்.கே.டி.டி.எம்.: சோதனைக் கருவியும் அதன் பிறப்பும்

இன்று கருனியின் காவல்களைச் சோதிக்கும் முதன்மைக் கருவி எல்.கே.டி.டி.எம். இதன் விரிவு 'லினக்ஸ் கெர்னல் டம்ப் டெஸ்ட் மாட்யூல்'. பெயரே இதன் வரலாற்றைச் சொல்கிறது. 2006-இல் இது கருனிக்குள் வந்தபோது நோக்கம் பாதுகாப்பு அன்று. கருனி நிலைகுலையும்போது அதன் நினைவகப் படிமத்தைச் சேமிக்கும் வசதி சரியாக இயங்குகிறதா என்று பார்க்க, கருனியை வேண்டுமென்றே நிலைகுலைய வைக்கும் கருவி தேவைப்பட்டது. அதற்காகவே இது எழுதப்பட்டது. பின்னாளில்தான் காவல்களைத் தூண்டிப் பார்க்கும் சோதனைகள் ஒவ்வொன்றாக இதில் சேர்ந்தன.

பயன்பாடு எளிது. 'டீபக்எஃப்எஸ்' கோப்பமைப்பில் உள்ள ஒரு கோப்பில் சோதனையின் பெயரை எழுதினால் போதும். கருனி அந்தத் தவறைத் தனக்குள்ளேயே செய்கிறது. ஸ்டேக்கைக் கெடுக்கும் சோதனையில், 8 பைட்டு எழுத்து அணி ஒன்று அறிவிக்கப்படுகிறது. அதன் முகவரி இன்னொரு செயற்கூறுக்கு அனுப்பப்படுகிறது. அந்தச் செயற்கூறு அங்கே 64 பைட்டுகளை எழுதுகிறது. இரண்டாவது செயற்கூறைத் தனியே வைத்ததற்குக் காரணம் உண்டு. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் கம்பைலர் தவறைக் கண்டுகொண்டு நிரலை மாற்றிவிடலாம். அல்லது கட்டவே மறுக்கலாம். கம்பைலரின் கண்ணை மறைத்துவிட்டுத் தவறு செய்வது இத்துறைச் சோதனைகளின் தனிச் சிக்கல்.

இக்கருவியின் சிறப்புகள் மூன்று. ஒன்று, இது காவலைப் பற்றிக் கேட்பதில்லை, தாக்கிப் பார்க்கிறது. இரண்டு, தனியான மாதிரியில் அன்றி, ஓடிக்கொண்டிருக்கும் கருனியிலேயே பார்க்கிறது. மூன்று, பல சோதனைகளில் காவல் தவறினால் தவறியது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அந்தக் காவல் அமைவிலேயே சேர்க்கப்படவில்லை என்றால் அதையும் குறிப்பிடுகிறது. பூட்டு இல்லாததும் பூட்டு உடைந்ததும் வேறு வேறு என்ற தெளிவு அதில் உண்டு.

2021-இல் சேர்ந்த ஒரு சோதனை தனியாகப் பாராட்டத்தக்கது. அது கேனரி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. இரண்டு வெவ்வேறு பணிகளின் கேனரி எண்களை எடுத்து, அவை வேறுபடுகின்றனவா என்று ஒப்பிடுகிறது. எல்லாப் பணிகளுக்கும் ஒரே எண் இருந்தால், ஓரிடத்தில் அது கசிந்தாலே எல்லா இடங்களிலும் காவல் போய்விடும். 64-பிட் ஏஆர்எம் கருனியில் 2019-இன் 5.0 பதிப்பு வரை அப்படித்தான் ஒரே பொது எண் இருந்தது. காவல் இருக்கிறதா என்பதைத் தாண்டி, எவ்வளவு தரமான காவல் என்று கேட்கும் சோதனை இது.

விழுந்தால் வெற்றியா?

எல்.கே.டி.டி.எம். கருவியின் பிறப்பு அதன் மேல் ஒரு நிழலை விட்டுச் சென்றுள்ளது. நிலைகுலைவை உண்டாக்கப் பிறந்த கருவிக்கு, கருனி விழுந்தால் வேலை முடிந்தது. காவலைச் சோதிப்பதற்கு அது போதாது.

ஸ்டேக் சோதனையையே எடுத்துக்கொள்ளலாம். கேனரி வேலை செய்தால், கருனியின் ஸ்டேக் கெட்டுவிட்டது என்ற செய்தியோடு கணினி நின்றுவிடும். கேனரி இல்லையென்றால் என்ன ஆகும்? திரும்பும் முகவரியின் மேல் பொருளற்ற மதிப்பு எழுதப்பட்டிருக்கும். செயற்கூறு அந்த முகவரிக்குப் போக முயலும். அங்கே ஓட்டத்தக்க நிரல் எதுவும் இல்லை. கருனி அப்போதும் பிழையில் விழும். காவல் இருந்தாலும் விழுகிறது; இல்லாவிட்டாலும் விழுகிறது. வேறுபாடு செய்தியில் மட்டுமே. 'கணினி நின்றது, ஆகவே காவல் பிடித்தது' என்று முடிவு செய்யும் சோதனையாளர் ஏமாந்துபோவார். உண்மையான தாக்குதலில் திரும்பும் முகவரியில் பொருளற்ற மதிப்பு இருக்காது. தாக்குபவர் தேர்ந்தெடுத்த முகவரி இருக்கும். கணினி விழாமல் அவர் சொன்னதைச் செய்யும்.

இதோடு தொடர்புடைய இன்னொரு குறை, சோதனைத் தொகுப்பின் பட்டியலில் தெரிகிறது. கருனியோடு வரும் தானியங்கிச் சோதனைத் தொகுப்பில் எல்.கே.டி.டி.எம். சோதனைகள் ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்க்கப்படும் செய்தி எழுதப்பட்டுள்ளது. ஆனால் ஸ்டேக்கைக் கெடுக்கும் சோதனைகள் அப்பட்டியலில் முடக்கப்பட்டு, வெற்றி பெற்றால் முழுக் கணினியும் விழும் என்ற காரணம் பக்கத்திலேயே தரப்பட்டுள்ளது. காரணம் நியாயமானதே. சோதனை ஓடும் கணினியே நின்றுவிட்டால் அடுத்த சோதனையை யார் ஓட்டுவது? ஆயினும் விளைவைப் பாருங்கள். கருனியின் மிகப் பழைய, மிகப் பரவலான காவல், தானியங்கிச் சோதனையின் இயல்பான ஓட்டத்தில் சோதிக்கப்படுவதில்லை. தொகுப்பு முழுவதும் 'சரி' என்று முடிந்தாலும், கேனரி பிடிக்கிறதா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. 'கியூஇஎம்யூ' போன்ற மெய்நிகர் கணினியில் ஒவ்வொரு அழிவுச் சோதனைக்கும் புதிய கருனியைத் தொடங்கலாம். அது விழும்போது தொடர் முனையத்தில் வரும் செய்தியை வெளியிலிருந்து படிக்கலாம். உரிய செய்தி வந்தால் மட்டுமே வெற்றி என்று குறிக்கலாம். செலவு சில நொடிகள்தாம். இது முடியாத வேலை அன்று. எல்லோரும் செய்யும் வழக்கமாக ஆக்கப்படவில்லை என்பதே குறை.

சத்தமில்லாமல் போன மூன்று காவல்கள்

சோதனையில் உள்ள இடைவெளிகள் வெறும் கோட்பாட்டு வாதம் அல்ல என்பதை மூன்று நிகழ்வுகள் காட்டுகின்றன.

2018-இல், 4.18 பதிப்பு உருவானபோது, கம்பைலருக்குக் கேனரி ஆதரவு உள்ளதா என்று பார்க்கும் பணி அமைவு முறைக்குள்ளேயே கொண்டுவரப்பட்டது. அதனால் 'ஆட்டோ' என்ற பழைய தெரிவு தேவையற்றுப்போய் நீக்கப்பட்டது. கம்பைலர் ஆதரிக்கும் மிக வலிமையான கேனரியைத் தானே தேர்ந்தெடுப்பது அந்த 'ஆட்டோ'வின் வேலை. மாற்றம் தூய்மையானதாகவே தோன்றியது. ஆனால் பழைய அமைவுக் கோப்பை வைத்துக்கொண்டு புதிய கருனியைக் கட்டியவர்களுக்கு வேறொன்று நடந்தது. பழைய கோப்பில் 'ஸ்ட்ராங்' என்று நேரடியாக எழுதப்படவில்லை; 'ஆட்டோ'தான் அதை இயக்கியது. புதிய முறை அதை 'ஸ்ட்ராங் அணைக்கப்பட்டுள்ளது' என்று புரிந்துகொண்டது. வலிமையான காவல் கேட்டவருக்கு வலிமை குறைந்த காவல் கிடைத்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் இதைக் கண்டு, தெரிவுகளின் பெயரையே மாற்றித் திருத்தினார். பெயர் புதிதானதால் பழைய கோப்பின் தவறான பொருள் ஒட்டிக்கொள்ள வழியில்லாமல் போயிற்று. இங்கே காவல் நிரலில் பிழை ஒன்றும் இல்லை. அமைவுப் பெயர் ஒன்றே காவலைக் குறைத்தது.

2021-இல் ஃபோர்ட்டிஃபை மேம்படுத்தப்பட்டபோது இன்னும் பெரிய உண்மை வெளிவந்தது. கிளாங் கம்பைலரின் பிழைகளால், அதைக்கொண்டு கட்டிய கருனியில் ஃபோர்ட்டிஃபை ஒருபோதும் சரியாகக் கட்டப்பட்டதே இல்லை என்று தெரிந்தது. உருவாக்குநர்கள் செய்தது நேர்மையான செயல்: கிளாங்கில் அந்த வசதியை வெளிப்படையாகவே அணைத்தனர். பின்னர் 2022-இல் கிளாங்குக்கென்றே தனி வழி எழுதி மறுபடி இயக்கினர். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் கருனிகள் கிளாங்கில் கட்டப்படுவது அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது என்பதை எண்ணினால், இக்குறை எவ்வளவு பேரைத் தொட்டிருக்கும் என்பது விளங்கும். ஓர் அமைவு வரியை நம்பியவர்கள், இல்லாத காவலை நம்பியிருந்தனர்.

2023 செப்டம்பரில் வெளியான சி.வி.இ-2023-4039 மூன்றாவது. 64-பிட் ஏஆர்எம் செயலிகளுக்கு ஜி.சி.சி. உருவாக்கும் நிரலில், ஓட்ட நேரத்தில் அளவு முடிவாகும் உள்ளிட அணிகளுக்குக் கேனரி பயன்படவில்லை. கேனரி வைக்கப்பட்டிருந்தது; சரிபார்க்கவும் பட்டது. ஆனால் அந்த அணிக்கும் திரும்பும் முகவரிக்கும் இடையே அது இல்லை. அணி வழிந்தால் கேனரியைத் தொடாமலேயே திரும்பும் முகவரியை அடையலாம். காவலர் பணியில் இருக்கிறார். நிற்பது வேறு வாசலில். லினக்ஸ் கருனி இத்தகைய மாறும் அளவு அணிகளை 2018-இலேயே வேறு காரணங்களுக்காகத் தன் நிரலிலிருந்து நீக்கத் தொடங்கி, 4.20 பதிப்போடு முடித்திருந்தது. அந்த முன்னெச்சரிக்கை இங்கே கைகொடுத்தது. சோதனை கைகொடுக்கவில்லை. எல்.கே.டி.டி.எம். ஸ்டேக் சோதனை நிலையான அளவுள்ள அணியை மட்டுமே வழியச் செய்கிறது. இந்தக் குறையுள்ள கம்பைலரிலும் அது வெற்றி என்றே சொல்லியிருக்கும்.

மூன்றிலும் பொதுவானது ஒன்று. கம்பைலர், செயலி வகை, அமைவு ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் காவல் தவறியது. ஒரு கம்பைலரில், ஒரு செயலியில், ஓர் அமைவில் வெற்றி பெற்ற சோதனை, மற்ற சேர்க்கைகளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

நல்ல முன்மாதிரிகள்

குறைகளை மட்டும் சொல்வது நியாயமாகாது. கருனிக்குள்ளேயே சிறந்த முன்மாதிரிகள் உண்டு.

ஃபோர்ட்டிஃபைக்காக எழுதப்பட்ட கட்டுமான நேரச் சோதனைகள் அவற்றில் முதன்மையானவை. ஒவ்வொரு சிறு கோப்பிலும் ஒரே ஒரு தவறான அழைப்பு இருக்கும்; எடுத்துக்காட்டாக, பஃபரின் அளவைத் தாண்டி எழுதும் ஒரு மெம்காப்பி. அந்தக் கோப்பைக் கட்டும்போது உரிய எச்சரிக்கை வர வேண்டும். வராவிட்டால் காவல் தவறிவிட்டது என்று கட்டுமான முறையே சொல்லும். தவறு செய்தால் பிடிபடுகிறதா என்பதே இங்கு கேள்வி. கருனி கட்டப்படும்போதே நடப்பதால், கம்பைலர் மாறினால் உடனே தெரியும். மேலே சொன்ன கிளாங் போன்ற நிலை மறுபடி சத்தமில்லாமல் வருவதற்கான வாய்ப்பை இது பெரிதும் குறைக்கிறது.

கேசானின் சோதனைகள் கடந்துவந்த வழியும் கற்கத்தக்கது. தொடக்கத்தில் அச்சோதனைகள் வரிசையாகத் தவறுகளைச் செய்து, கேசானின் அறிக்கைகளைப் பதிவேட்டில் கொட்டின. எந்தத் தவறுக்கு அறிக்கை வந்தது, எதற்கு வரவில்லை என்பதை மனிதர் ஒருவர் படித்துத்தான் அறிய வேண்டும். பின்னர் அவை 'கேயூனிட்' என்ற சோதனைச் சட்டகத்துக்கு மாற்றப்பட்டன. இப்போது ஒவ்வொரு தவறுக்கும் அறிக்கை வராவிட்டால் அந்தச் சோதனை தோல்வி என்று குறிக்கப்படுகிறது. படிக்க ஆளில்லாத பதிவேடு சோதனை ஆகாது என்பதே இந்த மாற்றத்தின் சாரம்.

ஆனால் இந்த வெற்றிக்கும் ஓர் எல்லை உண்டு. கேசான் அறிக்கை தந்துவிட்டுக் கருனியைத் தொடர விடும். ஆகவே அதைச் சோதிப்பது எளிது. கேனரி கருனியையே நிறுத்தும், ஆகவே கடினம். எளிதாகச் சோதிக்க முடிந்தவை நன்றாகச் சோதிக்கப்படுகின்றன. கட்டாயம் சோதிக்கப்பட வேண்டியவை அந்த அளவுக்குச் சோதிக்கப்படுவதில்லை.

சோதனை தொடாத இடங்கள்

எல்லாச் சோதனைகளும் வெற்றி பெற்றாலும் காவல்களுக்கு அப்பாற்பட்ட வழிதல்கள் உள்ளன. இதை மறப்பது இன்னொரு வகைப் பொய்யான நிம்மதி.

2022 சனவரியில் வெளிவந்த சி.வி.இ-2022-0185 நல்ல எடுத்துக்காட்டு. கோப்பமைப்பின் அமைவுகளை வாங்கும் நிரலில், மீதமுள்ள இடம் எவ்வளவு என்று அறிய ஒரு கழித்தல் செய்யப்பட்டது. குறியில்லா எண்களில் நடந்த அந்தக் கழித்தல் பூச்சியத்துக்குக் கீழே போனபோது மிகப் பெரிய எண்ணாக மாறியது. 'இடம் இருக்கிறது' என்று கருனி நம்பி எழுதியது. வழிந்தது ஸ்டேக்கில் அன்று, ஹீப்பில். கேனரிக்கு அங்கே வேலையே இல்லை. குறை 2019-இல் நுழைந்து ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இருந்தது. கருனியைத் தானாகவே வகைவகையான உள்ளீடுகளால் துருவும் 'சிஸ்காலர்' என்ற கூகுள் கருவியின் துணையோடு அது கண்டுபிடிக்கப்பட்டது.

வரிசையாக வழியாமல், குறியீட்டெண் தவறாகி நேரே தொலைவில் எழுதும் பிழையும் கேனரியைத் தாண்டிச் செல்லும். ஒரே கட்டமைப்புக்குள் ஓர் உறுப்பிலிருந்து அடுத்த உறுப்புக்கு வழிவதைக் கேசான் பொதுவாகக் காணாது. அதன் எல்லைக் கோடுகள் பொருள்களுக்கு இடையே உள்ளன, பொருளுக்குள்ளே அல்ல. ஃபோர்ட்டிஃபையின் பிற்கால மேம்பாடுகள் இந்த இடைவெளியைக் குறிவைத்தவை. ஒவ்வொரு காவலுக்கும் அது பிடிக்கும் வழிதல் எது, பிடிக்காதது எது என்ற பட்டியல் சோதனையோடு சேர்ந்தே இருக்க வேண்டும். பிடிக்காது என்று தெரிந்தவற்றையும் சோதனையாக எழுதி, 'இங்கே காவல் இல்லை' என்று பதிவு செய்வது நல்ல வழக்கம்.

இன்னொன்றும் உண்டு. சோதிக்கப்படும் கருனியும் பயனரைச் சேரும் கருனியும் பல வேளைகளில் ஒன்றல்ல. எல்.கே.டி.டி.எம். சேர்த்த கருனியைப் பொதுப் பயன்பாட்டுக்குத் தருவது பொறுப்பாகாது. கருனியை விழவைக்கும் பொத்தானை எவரும் பயனரிடம் கொடுக்கமாட்டார். ஆகவே சோதனைக்கென்று வேறு அமைவில் ஒரு கருனி கட்டப்படுகிறது. அதன் வெற்றியை வைத்து வெளியிடப்படும் கருனி மதிப்பிடப்படுகிறது. அமைவுக் கோப்பை மட்டும் படித்துக் காவல்களின் பட்டியலைச் சரிபார்க்கும் கருவிகள் பயனுள்ளவை. ஆனால் அவை 2018 நிகழ்வைப் பிடிக்கலாம், 2021-ஐயும் 2023-ஐயும் பிடிக்க முடியாது. வெளியிடப்படும் இருமக் கோப்பையே பிரித்துப் பார்த்து, கேனரிச் சரிபார்ப்பு அதில் உரிய செயற்கூறுகளில் உள்ளதா என்று எண்ணுவது இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பும்.

மதிப்பீடு

ஒரு காவல் சோதனை நம்பத்தக்கதா என்று அறிய எளிய உரைகல் ஒன்று உண்டு. காவலை வேண்டுமென்றே அணைத்துவிட்டு அதே சோதனையை ஓட்ட வேண்டும். அப்போது சோதனை தோற்க வேண்டும். தோற்கவில்லை என்றால், முன்பு கிடைத்த வெற்றிக்கும் பொருளில்லை. வேதியியல் ஆய்வகத்தில் கட்டுப்பாட்டு மாதிரி வைப்பது போன்றதே இது. கருனிச் சோதனைகளில் இந்தப் படி இன்னும் கட்டாயமாக்கப்படவில்லை.

இதை மாணவர்கள் தாமே செய்து பார்க்கலாம். மெய்நிகர் கணினியில் எல்.கே.டி.டி.எம். சேர்த்த கருனியை இரண்டு முறை கட்ட வேண்டும்: ஒன்று கேனரியோடு, மற்றது கேனரி இல்லாமல். இரண்டிலும் ஸ்டேக் சோதனையை ஓட்டி, வரும் செய்திகளை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். இரண்டும் விழும், ஒன்றில் மட்டுமே காவல் பேசும். அந்த வேறுபாட்டைக் கண்ணால் கண்டவர், அமைவுக் கோப்பின் ஒரு வரியைப் பார்த்து நிம்மதி அடையமாட்டார். இப்பயிற்சியை அன்றாடம் பயன்படுத்தும் கணினியில் செய்யக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கேள்வி உருவாக்குநர்களுக்கு மட்டும் உரியதன்று. ஒரு குறை வெளியாகும்போது, 'நமக்குக் காவல் இருக்கிறது. திருத்தத்தை அடுத்த மாதம் போட்டுக்கொள்ளலாம்' என்று கணினி நிர்வாகிகள் முடிவெடுப்பது உண்டு. அந்த முடிவின் பாரம் முழுவதையும் தாங்குவது, காவல் உண்மையில் வேலை செய்கிறது என்ற நம்பிக்கை. 2018, 2021, 2023 நிகழ்வுகள் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் தேவை என்பதைக் காட்டின. காவல்களை எழுதுவதில் லினக்ஸ் கருனி பெரும் முன்னேற்றம் கண்டுள்ளது. அவற்றை வெளிப்படையாகச் சோதிக்கும் கருவிகளையும் அதுவே தந்துள்ளது. பல இயங்குதளங்களில் இந்த அளவு வெளிப்படைத்தன்மை இல்லை. எஞ்சியிருப்பது, ஒவ்வொரு கம்பைலரிலும், ஒவ்வொரு செயலி வகையிலும், காவல் உள்ள நிலையிலும் இல்லாத நிலையிலும் சோதித்து, முடிவைப் பதிவுசெய்யும் சலிப்பான வேலை. சத்தமில்லாமல் போகும் காவலைச் சத்தம் போட வைப்பது அந்த வேலைதான்.